காற்றாலையா, தொழிற்சாலையா, மொட்டைமாடியா?

தங்கை மகள் இந்த ஆண்டு மின்னியல் டிப்ளமோ முடிக்கிறாள். பொங்கலுக்கு வந்திருந்தபோது முற்றத்தில் உட்கார்ந்து பனங்கிழங்கை உரித்துக்கொண்டே கேட்டாள்: "மாமா, காற்றாலையில் சேரவா, கங்கைகொண்டானில் சோலார் பேனல் தொழிற்சாலைக்குப் போகவா, இல்லை உங்களோடு சோலார் மாட்ட வந்துவிடவா?" அவள் அம்மாவின் மனத்தில் நான்காவதாக வங்கித் தேர்வு இருக்கிறது. அதை அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளட்டும்.

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 14 ஆண்டுகள் காற்றாலைப் பராமரிப்பில் இருந்தேன். அதன்பிறகு வள்ளியூர் வட்டாரத்தில் வீடுகளுக்கு சோலார் பொருத்தி வருகிறேன். தொழிற்சாலைக்குள் நான் வேலை பார்த்ததில்லை. பார்க்கிற பிள்ளைகளோடு பேசியிருக்கிறேன். அவளைப் போலவே கேட்கிற பிள்ளைகள் இந்தப் பக்கத்தில் நிறைய இருப்பதால், அவளுக்குச் சொன்னதை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

எல்லோரும் முதலில் சம்பளத்தைத்தான் கேட்கிறார்கள். தொடக்கச் சம்பளத்தில் இந்த மூன்றுக்கும் வாழ்க்கையையே மாற்றுகிற வித்தியாசம் ஒன்றும் இல்லை. நான் கேட்பது வேறு: 45 வயதில் இந்த வேலை உன்னை எந்த நிலையில் வைத்திருக்கும்?

இப்படிக் கேட்கக் கற்றுக்கொண்டது என் அப்பாவைப் பார்த்து. அவர் பனையேறி. பதநீர்க் காலத்தில் விடியுமுன் ஏறத் தொடங்கினால், சாயங்காலம் பாளை சீவ அதே மரங்களில் மறுபடியும் ஏற வேண்டும். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி, அவ்வளவுதான். விழாமல் பிடிக்க ஒரு கயிறு கிடையாது. மரத்தை அணைத்து அணைத்து அவர் நெஞ்சு காய்த்துப் போயிருந்தது. 45 வயதில் முழங்கால் இரண்டும் மடங்க மறுத்துவிட்டன. தொழிலில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் உடம்பு நின்றபோது அதைத் தவிர வேறு எதுவும் அவர் கையில் இல்லாமல் போயிற்று.

முதலில் காற்றாலை. மேற்குத் தொடர்ச்சி மலை ஒரே சுவராக நின்றிருந்தால் நம் ஊரில் காற்றாலையே வந்திருக்காது. ஆரல்வாய்மொழியிலும் செங்கோட்டையிலும் அந்தச் சுவரில் வாசல் விட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலையாளக் கரையில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் குறைந்து, வேகம் கூடி அந்த வாசல்கள் வழியாக இந்தப் பக்கம் பாய்கிறது. மழை அவர்களுக்கு, காற்று நமக்கு. பணகுடி, காவல்கிணறு, இராதாபுரம் ஒரு பக்கம், சுரண்டை, ஆலங்குளம் இன்னொரு பக்கம், வடக்கே கயத்தாறு. கயத்தாற்றில் தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையமே இருக்கிறது. வைகாசி முதல் புரட்டாசி வரைதான் அறுவடை. ஆண்டு உற்பத்தியில் பெரும்பங்கு அந்த மாதங்களில் வந்துவிடும்.

வேலையின் தாளமும் அதைப் பின்பற்றியதுதான். மாசி, பங்குனியில் பெரிய பராமரிப்பு நடக்கும்: போல்ட்டுகளை அளந்து முறுக்குவது, கியர்பாக்ஸ் எண்ணெய், வடிகட்டி, பிரேக் கட்டை, பேட்டரி. காற்றுக் காலம் தொடங்கிய பிறகு, இயந்திரம் நின்றால் ஒவ்வொரு மணி நேரமும் பணம் போகும். 2 மெகாவாட் இயந்திரம் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 2,000 யூனிட் தரும். யூனிட்டுக்கு மூன்று ரூபாய் என்று வைத்தாலும் மணிக்கு ஆறாயிரம் ரூபாய். அதனால் இரவு இரண்டு மணிக்கும் தொலைபேசி அடிக்கும்.

மேலே எப்படி இருக்கும் என்று கேட்டாள். நாசல் என்பது கோபுரத்தின் உச்சியில் இருக்கிற இரும்பறை. சூடான எண்ணெய் வாசனை எப்போதும் இருக்கும். தண்ணீர் பாட்டிலைத் தரையில் வைத்தால், உள்ளே தண்ணீர் இடமும் வலமும் மெல்லச் சாய்வதைப் பார்க்கலாம். கோபுரம் அந்த அளவுக்கு ஆடுகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு உயரத்தைவிட அந்த ஆட்டம்தான் வயிற்றைப் புரட்டும். மூன்றாவது வாரத்தில் பழகிவிடும், அல்லது பழகவே பழகாது. பழகாதவர்கள் வெட்கப்படாமல் இறங்கி வந்துவிட வேண்டும்.

இந்த வேலையில் நான் மதிக்கிற விஷயம், ஒரு முழு இயந்திரத்தையும் நீ தனியாகப் புரிந்துகொள்ள வேண்டியிருப்பது. மின்சாரம், எந்திரவியல், ஹைட்ராலிக், மின்னணு எல்லாம் ஒரே அறைக்குள் இருக்கின்றன. திரையில் ஒரு பிழை எண் வரும். அதற்குக் காரணம் தேய்ந்த வயராகவும் இருக்கலாம், எலி கடித்ததாகவும் இருக்கலாம். காரணத்தைத் தேடிப் பிடிக்கிற அந்தப் பழக்கம் வேறு எந்த வேலையிலும் எனக்கு இவ்வளவு கிடைத்ததில்லை. இன்று ஒரு வீட்டு இன்வெர்ட்டர் முன் நிற்கும்போதும் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். முழங்காலுக்கு விலை உண்டு. புதிய கோபுரங்களில் இறக்கைகள் சேரும் மையமே 120, 140 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவற்றில் லிஃப்ட் இருக்கும். பழைய 250 கிலோவாட் இயந்திரங்கள் சுமார் 30 மீட்டர்தான். ஆனால் ஏணி மட்டும், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. 2024-இல் தமிழ்நாடு அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கத் தனிக் கொள்கை வெளியிட்டது. பல பழைய இயந்திரங்கள் இறங்கி, அந்த இடத்தில் பெரியது ஒன்று நிற்கும். ஆள் எண்ணிக்கை குறையும். மின்னணுவும் கணினித் திரையும் தெரிந்தவர்களின் மதிப்பு கூடும். ஸ்பேனர் மட்டும் பிடிக்கத் தெரிந்தவனுக்கு 45 வயதில் அங்கே இடம் இருக்காது. கட்டுப்பாட்டு அறையில் தரவைப் படிக்கத் தெரிந்தவருக்கு இருக்கும்.

பெண் பிள்ளைகள் ஏறலாமா என்று தங்கை கேட்டாள். ஏறலாம், ஏறுகிறார்கள், இன்னும் குறைவாகத்தான். தடையாக இருப்பது உயரம் இல்லை, கழிப்பறை. பத்துக் கோபுரங்களுக்கு நடுவில் ஒன்றுகூட இல்லாத தளங்களில் நான் வேலை பார்த்திருக்கிறேன். நாங்கள் ஆண்கள், ஒதுங்கிக்கொண்டோம். நேர்முகத் தேர்வில் இதை நேராகக் கேள் என்று அவளிடம் சொன்னேன். பதில் சொல்லத் தடுமாறுகிற இடத்தில் சேர வேண்டாம்.

அடுத்து கங்கைகொண்டான். சிப்காட் வளாகத்தில் டாடா பவரின் தொழிற்சாலை ஆண்டுக்கு 4.3 கிகாவாட் அளவுக்கு சோலார் செல்களும் (வெயிலை மின்சாரமாக்கும் சில்லுகள்), அவற்றைக் கோத்த பேனல்களும் செய்யும் திறனுடன் கட்டப்பட்டது. 2023 இறுதியில் பேனல் தயாரிப்பு தொடங்கியது, அடுத்த ஆண்டு செல். உள்ளே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பஸ் வந்து அழைத்துப்போகிறது, ஷிஃப்ட் முடிந்தால் கொண்டுவந்து விடுகிறது, தலைக்கு மேல் கூரை இருக்கிறது. நம் ஊர்ப் பெற்றோருக்கு இந்த நான்கைந்து விஷயங்களே பாதி நிம்மதி. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

அங்கே நான் கேட்டு வியந்த வேலை ஒன்று உண்டு. முடிந்த பேனலை இருட்டறைக்குள் விட்டு மின்சாரம் செலுத்துவார்கள். வெயிலை வாங்கி மின்சாரம் தருகிற செல், மின்சாரத்தை வாங்கினால் கண்ணுக்குத் தெரியாத ஒளியை விடும். தனிக் கேமரா அதைப் படம் எடுக்கிறது. வெறும் கண்ணுக்குக் குறையே இல்லாத செல்லில், அந்தப் படத்தில் முடிபோல ஒரு கறுப்புக் கோடு ஓடும்: விரிசல். அந்தப் பேனலை ஒதுக்காமல் விட்டால், பத்து ஆண்டு கழித்து ஏதோ ஒரு வீட்டின் மாடியில் அந்தக் கோடு சூடேறி நிற்கும். அந்தத் திரையின் முன் உட்கார்கிற பெண்ணின் கண்ணை நம்பித்தான் நாங்கள் மாடியில் பேனலை ஏற்றுகிறோம்.

ஆனால் எல்லோருக்கும் அந்த நாற்காலி கிடைக்காது. பெரும்பாலான இடங்கள் இயந்திரத்துக்குத் தீனி கொடுக்கிற இடங்கள். ஒரே அசைவை எட்டு மணி நேரம் செய்ய வேண்டும். அதில் மூன்று ஆண்டு கழிந்தாலும் வெளியே எடுத்துப்போக ஒரு கைத்தொழில் இருக்காது. செல் பிரிவு, தரச் சோதனை, இயந்திரப் பராமரிப்பு என்ற மூன்றில் ஒன்று கிடைத்தால் போகலாம். வெறும் வரிசை வேலைக்கு மின்னியல் டிப்ளமோ தேவையே இல்லை. இந்தத் துறை ஓடுவதும் அரசு விதிகளைப் பொறுத்தது: மானியத்தில் பொருத்தும் வீட்டு சோலாருக்கு இந்தியாவில் செய்த செல்களும் பேனல்களும்தான் வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதால் ஆர்டர் வருகிறது. விதி மாறினால் ஷிஃப்டும் மாறும்.

வெட்டவெளியில் ஏக்கர் கணக்கில் பேனல் போடுகிற சோலார் பண்ணைகளைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். கட்டும்போது நூற்றுக்கணக்கில் ஆள் எடுப்பார்கள். கட்டி முடிந்ததும் காவல், புல் வெட்டு, பேனல் கழுவல், இரண்டு மூன்று தொழில்நுட்ப ஆட்கள், முடிந்தது. அதை வாழ்க்கைத் தொழிலாக நினைக்க வேண்டாம். கடலுக்குள் காற்றாலை வேலைக்கும் இப்போதே படிப்பைத் திருப்ப வேண்டாம். 2024-இல் மத்திய அமைச்சரவை அதற்கு 7,453 கோடி ரூபாய் நிதியுதவித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 1,000 மெகாவாட்டில் பாதி தமிழ்நாட்டுக் கரைக்கு. கரையோர மீனவர்களிடம் பேசித் தீர்க்க வேண்டியதே நிறைய இருக்கிறது.

இப்போது என் தொழில், மொட்டைமாடி. எங்கள் பக்கம் மட்டுப்பா என்போம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டோ அதற்கு மேலோ போட்டால் மொத்தம் 78,000 ரூபாய் மானியம். அதன்பிறகு விசாரிக்க வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். இங்கே 1 கிலோவாட் சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட்டுக்கு மேல். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓட்டுகிற வீட்டுக்கு, அதில் 100 ஏற்கெனவே இலவசமாக இருக்கும்போது, சோலார் விற்பது பாவம். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். அந்த வீட்டுக்காரர்தான் பிறகு அண்ணன் வீட்டுக்கும் மச்சான் வீட்டுக்கும் என்னை அழைத்துப்போகிறார்.

மாடி வேலையில் மின்சாரம் பாதி, காற்றும் உப்பும் மீதி. ஒரு பேனல் ஏறக்குறைய இரண்டேகால் மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்கு மேல் அகலம். ஆனி, ஆடியில் இரண்டு பேர் பிடித்துத் தூக்கினால், அது பாய்மரம் போல விம்மி ஆளையே இழுக்கும். கடலோரத்தில் உவரிப் பக்கம் ஒரு வீட்டுக்காரர் என்னை அழைத்தார். பேனலைத் தாங்க வேறு யாரோ ஒரு நிறுவனம் மலிவாகப் போட்டுக் கொடுத்த இரும்புச் சட்டம். துத்தநாகப் பூச்சு இல்லாத சாதாரண இரும்புக் கோணத்துக்கு வெள்ளி வர்ணம் அடித்திருந்தார்கள். அவர் வீட்டுச் சாவியால் சுரண்டினார். முறுக்கு உதிர்வதுபோல் துரு உதிர்ந்தது. மூன்றாவது ஆடியில் இரண்டு பேனல் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் போய் விழுந்திருந்தது. யாருக்கும் அடிபடவில்லை என்பது தெய்வச் செயல். மாட்டியவர்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. 25 ஆண்டு நிற்க வேண்டிய பொருளை மூன்று ஆண்டுக்குக் கட்டிவிட்டுப் போவது எனக்கு இன்றும் ஆத்திரம் மூட்டுகிறது. அந்த ஊரில் அதற்குப் பிறகு சோலார் என்ற சொல்லை எடுத்தாலே கதவைச் சாத்துகிறார்கள்.

இன்னொன்று, தெற்குப் பார்த்துச் சாய்த்துவிட்டால் போதும் என்று எங்கேயோ படித்துவிட்டு வருகிறார்கள். திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 8.7 பாகை (டிகிரி) வடக்கில் இருக்கிறது. சித்திரைப் பிறப்பை ஒட்டி உச்சிச் சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே போய், ஆவணி நடுவில்தான் திரும்புகிறது. அந்த மாதங்களில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து வருகிறது. அதனால் இங்கே அதிகச் சாய்வு நட்டம். மழையில் தூசி வழிந்தோடும் அளவுக்குப் பத்துப் பாகை சாய்த்தால் போதும். வடபுலத்து வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து இங்கே மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தொழிலின் கஷ்டம் கைக்காசு. பொருளை முன்பணம் கொடுத்து எடுக்க வேண்டும். வங்கிக் கடன், ஆய்வு, மீட்டர் என்று பணம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். 21 வயதுப் பிள்ளை இதில் நேராகக் குதித்தால், முதல் ஆறு மாதத்திலேயே வட்டிக்கு வாங்க நேரிடும். ஆனால் 45 வயதுக் கேள்விக்கு இதுதான் நல்ல பதில் தருகிறது. ஏறுவதற்கு இளைஞர் இருவரை வைத்துக்கொண்டு, கணக்கும் வடிவமைப்பும் சோதனையும் நீ பார்க்கலாம். மாட்டிய ஒவ்வொரு வீடும் 25 ஆண்டுக்கு உன்னைக் கூப்பிடும். ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை.

அவள் இரண்டாவதாகக் கேட்டதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. "இதெல்லாம் நிஜமாகவே மண்ணுக்கு நல்லதா, மாமா?"

நல்லதுதான். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் இயந்திரங்கள் ஐந்து. நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால், ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு மேலே போகிறது, சாம்பல் தனி. பேனலைச் செய்யச் செலவான ஆற்றலை அது ஓரிரு ஆண்டுகளில் திருப்பித் தந்துவிடுகிறது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எங்கே நடுகிறார்கள் என்பதில் இருக்கிறது எல்லாம்.

இராதாபுரம் பக்கம் ஒரு தளத்தில் கிரேன் போவதற்குச் செம்மண் பாதை போட்டார்கள். குறுக்கே ஓர் ஓடை. ஆண்டில் பத்து நாள்தான் தண்ணீர் வரும் என்பதால், குழாய் பதிக்காமல் மண்ணைக் கொட்டி மேவிவிட்டார்கள். ஐப்பசி மழையில் அந்தப் பத்து நாள் தண்ணீர் குளத்துக்குப் போகவில்லை. நான் அன்று அந்தத் தளத்தில் வேலை பார்த்தவன். பாதை மேடாக இருக்கிறது, வண்டி சேற்றில் சிக்காது என்று மகிழ்ந்தவன். குளம் வறண்டு கிடப்பதைக் காட்டி ஒரு பெரியவர் என்னிடம் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கு நான் பதில் சொல்லவில்லை.

காற்றாலைக்கு இடையில் விதைக்கலாம், ஆடு மேய்க்கலாம். தரையில் போடும் சோலாருக்கு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் வேலியடைத்தாக வேண்டும். தரிசு என்று பத்திரத்தில் எழுதியிருக்கும். ஆனால் ஆட்டுக்கிடை போடுகிறவர்களுக்கு அது பாதை, கவுதாரிக்கு வீடு, செம்மணல் தேரியோரம் என்றால் பனைக்கூட்டம். வல்லநாட்டில் வெளிமானுக்குச் சரணாலயம் வைத்திருக்கிறோம். கங்கைகொண்டானில் சிப்காட்டுக்குப் பக்கத்திலேயே 2013 முதல் புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது. வெட்டவெளியும் காடுதான் என்று அந்த மான்களுக்குத் தெரியும். மகாராஷ்டிரத்தின் சால்கேவாடி பீடபூமியில் ஆய்வு செய்து 2018-இல் வெளியிட்டார்கள்: காற்றாலை உள்ள இடத்தில் பருந்தினம் குறைந்தது, பருந்துக்கு இரையாகும் ஓணான்கள் பெருகின. ஓர் இயந்திரம் நிற்பதால் கீழே தரையில் இருக்கிற உயிர்வரைக்கும் கணக்கு மாறுகிறது. தொழிற்சாலைப் பக்கம், செல் தயாரிப்புக்கு அமிலமும் மிகத் தூய தண்ணீரும் வேண்டும். தாமிரபரணிக் கரையில் வாழ்கிறவர்கள் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எப்படி வெளியே போகிறது என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த அளவில் பார்த்தால் மாடி சோலாருக்கு ஈடு இல்லை. அது எடுத்துக்கொள்ளும் நிலம் ஏற்கெனவே வெயிலில் காய்கிற காங்கிரீட். பழைய பேனல் கழிவு மட்டும் நம் தலைமுறை தீர்க்க வேண்டிய கடன். 2022-இன் மின்னணுக் கழிவு விதிகளில் பேனலையும் சேர்த்துவிட்டார்கள். காற்றாலையின் கண்ணாடியிழை இறக்கைகளுக்கு அந்த அளவு வழிகூட இன்னும் பிறக்கவில்லை. கழற்றிய இறக்கைகள் தளங்களின் ஓரத்தில் கிடக்கின்றன.

ஆக அவளிடம் நான் சொன்னது இது. உயரமும் ஆட்டமும் ஒத்துவந்தால் முதல் மூன்று ஆண்டுகள் காற்றாலை. ஆனால் சம்பளம் யார் பெயரில் வருகிறது என்று பார்த்துச் சேர். இடைத்தரகர் பெயரில் வந்து, வைப்புநிதியும் மருத்துவக் காப்பீடும் இல்லாவிட்டால், கம்பெனி எவ்வளவு பெரியதானாலும் வேண்டாம். உயரத்தில் வேலை செய்வதற்கான உலகக் காற்றாலை அமைப்பின் பயிற்சிச் சான்றிதழ் இரண்டு ஆண்டுதான் செல்லும். அதைப் புதுப்பிக்கிற செலவை அவர்கள் ஏற்கிறார்களா என்று கேள். அந்த மூன்று ஆண்டுக்குள் மின் உரிமம் வழங்கும் வாரியத்தில் மேற்பார்வையாளர் சான்றிதழ் வாங்கிவிடு. அதற்குப் பிறகு ஊருக்கு வா, மாடி வேலையில் பாதி உனக்கு. ஆட்டம் ஒத்துவராவிட்டால் கங்கைகொண்டானில் தரச் சோதனையோ பராமரிப்போ கேள், வரிசை வேலைக்குக் கையெழுத்துப் போடாதே. தம்பி படிப்புக்கு உடனே மாதச் சம்பளம் வேண்டும் என்ற நிலை வந்தால் இந்த வரிசையை நானே மாற்றிச் சொல்வேன்.

தங்கைக்கு முகம் சுருங்கிற்று. "தாத்தா ஏறினார், நீ ஏறினாய், இவளுமா?" என்றாள். அப்பாவுக்கு இல்லாத கயிறு இவளுக்கு இருக்கிறது என்றேன்.

அன்று இரவு அலமாரியிலிருந்து என் பழைய பாதுகாப்பு வாரை எடுத்து விளக்கடியில் விரித்துப் பார்த்தேன். கொக்கி பளபளப்பாக இருந்தது. பட்டையின் தையலில் இரண்டு இடத்தில் நூல் பிரிந்திருந்தது, எண்ணெய்க் கறை ஊறியிருந்தது. காலாவதியாகி ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆசையாக அவள் கேட்டுவிடக் கூடாது என்று, தொழிலில் சொல்லிக் கொடுத்தபடி தோள்பட்டையையும் கால்பட்டையையும் கத்தரியால் குறுக்கே வெட்டிப் போட்டேன். சேருகிற இடத்தில் புதியது தர வேண்டும், அவள் பெயரும் தேதியும் எழுதி. தராவிட்டால் முதல் படியில்கூடக் கால் வைக்க வேண்டாம் என்று காலையில் அவளிடம் சொல்லி அனுப்பினேன்.